உரிமப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த கதை

போன மாதம் தர்சினி கார்ஹிங்கிலிருந்து தொலைபேசி எடுத்தாள். நான் செய்த அதே வீட்டுத் தரகுத் தொழில் செய்கிறவள். ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்து, டோர்ட்முண்டில் உரிமம் எடுத்து, இப்போது கலியாணம் முடித்துப் புருஷனோடு பவேரியா மாநிலத்துக்குப் போயிருக்கிறாள்.

"சரோ அக்கா, மாநிலம் மாறினால் மாக்லர் உரிமத்தையும் மாத்த வேணுமாம். வட்ஸ்அப் குரூப்பில ஆளுக்கொரு கதை சொல்லுகினம். ஒருத்தர், பழசைத் திருப்பிக் குடுத்தால்தான் புதுசு தருவினம் எண்டுறார்."

"ஆர் அந்த மனுசன்?"

"தெரியேல்லை அக்கா. கோட்டுப் போட்ட படம் ஒண்டு வைச்சிருக்கிறார்."

"அந்தக் கோட்டுக்காரனை நம்பி ஒண்டையும் குடுத்துத் துலைக்காதை. வை போனை, நான் எழுதிறன்."

அவளுக்கான பதிலை அன்றே அனுப்பிவிட்டேன். நம்முடைய தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். அதையும் இத்தோடு முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்வேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக மட்டும் வாசிக்கிறவர்கள் இந்தப் பந்தியோடு எழும்பிப் போகலாம். வீட்டுத் தரகருக்கான உரிமம் ஒரு மாநிலத்தில் எடுத்தால் நாடு முழுவதும் செல்லும். வேறு மாநிலத்துக்குப் போகிறவர் பழைய ஊரில் தொழில் பதிவை நீக்கிவிட்டு, புதிய ஊரில் பதிய வேண்டும். உரிமத்தைக் கவனிக்கும் கந்தோர் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓரிடத்தில் மாவட்ட நிர்வாகம், இன்னோரிடத்தில் வணிகச் சபை. உங்கள் கோப்பை அவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வார்கள். பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கும். அதை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது.

நான் கொடுத்தேன். அந்த மடைத்தனத்தைச் செய்தவள் என்ற தகுதியில்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே ஒரு சண்டையால். அகதியாக வந்த புதிதில், டோர்ட்முண்டில் ஒரு வீட்டு விளம்பரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தேன். என் ஜேர்மனைக் கேட்ட குரல், வீடு போய்விட்டது என்றது. பத்து நிமிடம் கழித்து, என் கணவர் சிவத்தோடு பேக்கரியில் வேலை செய்த ஜேர்மன்காரர் அதே இலக்கத்துக்கு எடுத்தார். அவருக்கு வீடு இருந்தது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேரே அந்தத் தரகரின் கந்தோருக்குப் போனேன். எனக்கு அப்போது ஜேர்மன் பாதிதான் தெரியும். கோபம் முழுதாக இருந்தது.

லோமன் என்பது அவர் பெயர். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. நான் கத்தி முடிக்கும்வரை பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் பேசியது ஜேர்மன்தான். எனக்கு எல்லாம் என் பாசையில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"முடிஞ்சுதோ?"

"இப்போதைக்கு."

எழும்பினார், கோட்டைப் போட்டார், திறப்புக் கொத்தை எடுத்தார். அந்த வீட்டைக் காட்டினார். நான் குசினிக் குழாயைத் திறந்து, கழிவுநீர் போகும் கானை மணந்து பார்த்துவிட்டு, "கான் மணக்குது" என்றேன். அவரும் தொட்டிக்குள் தலையை விட்டு மணந்து பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். வீடு எங்களுக்குக் கிடைத்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இருபது வருடம் கழித்து அதை நானே ஒருநாள் ஞாபகப்படுத்தினேன். "ஓம், அது பிழைதான்" என்றார்.

குடிபோய் இரண்டாம் வருடம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். "எனக்குச் சண்டை பிடிக்க ஒரு ஆள் தேவை. எனக்கு அது வராது" என்றார். அப்படித்தான் வேலை கிடைத்தது. பிறகு மூன்று வருடத் தொழிற்பயிற்சி, ஒரு தடவை சோதனையில் தோல்வி, அடுத்த தடவை பாஸ். அதில் எழுத ஒன்றும் இல்லை. படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. லோமன் வீடு கைமாற்றும் விதம் மட்டும் மறக்கவில்லை.

கைமாற்றும் நாளில் பத்து நிமிடம் முன்னதாகவே போவார். உள்ளே போக மாட்டார், தெருவில் நிற்பார். கோப்பி தந்தால் குடிக்க மாட்டார். சரியான நேரத்துக்கு மணி அடித்து, நிலவறையிலிருந்து தொடங்குவார். தண்ணீர் மானி, மின்சார மானி இலக்கங்களை அவர் உரத்து வாசிக்க வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு மாடியாக ஏறுவோம். எல்லாக் குழாயும் திறக்கப்படும். எல்லா யன்னலும் ஒருதரம் திறந்து மூடப்படும். கான்களை மணக்கிற வேலை எனக்கு. கடைசியில் எல்லோரும் குசினிக்கு வர வேண்டும். திறப்புகளை மேசையில் வரிசையாகப் பரப்புவார். முதலில் அவர் எண்ணுவார், அடுத்து கொடுக்கிறவர் எண்ணுவார், பிறகு வாங்குகிறவர். மூன்று கணக்கும் ஒன்றாக வரவேண்டும். கடிதப் பெட்டியின் சின்னத் திறப்பை எல்லோரும் மறப்பார்கள். அது வரும்வரை ஒருவரும் அந்த வீட்டைவிட்டு அசைய ஏலாது. ஒரு முறை, விற்ற மனிதர் விமான நிலையத்துக்குப் போகும் வழியிலிருந்து திரும்பி வந்தார்.

பிறகு கைமாற்றுத் தாள். என்ன பொருள், எத்தனை, என்ன நிலை, என்ன குறை. எல்லாத் தரகரும் இதை எழுதுவார்கள். லோமனின் தாளில் கடைசியாக ஒரு வரி இருக்கும். காரணம். ஏன் கொடுக்கிறீர்கள்? சிலருக்கு அது பிடிக்காது. ஒரு பெண் "அது உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டு, 'இவரோடு இனி இருக்க ஏலாது' என்று எழுதினாள். பக்கத்தில் நின்ற புருஷனும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

"எது கைமாறினாலும் ஏன் எண்டு எழுத வேணும், சரோ. ஆறு மாசம் போனால் ஆக்கள் வேற கதை சொல்லுவினம். தாள் அதே கதையைத்தான் சொல்லும்."

எனக்கு இது விசர்த்தனமாகத் தெரிந்தது. செய்து செய்து எனக்கும் அதே விசர் பிடித்துவிட்டது. மகளைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்பும்போதும் ஆசிரியையிடம் தாளை நீட்டியிருக்கிறேன்.

லோமன் ஓய்வு பெற்றதும் நான் தனியாகத் தொழில் தொடங்கினேன். பொலிஸ் சான்று, வரிக் கந்தோர்க் கடிதம், கடன்காரர் பட்டியலில் என் பெயர் இல்லை என்ற தாள், எல்லாம் கொடுத்து உரிமம் எடுத்தேன். பச்சை ஓரம் போட்ட ஒரே ஒரு பத்திரம், கீழே முத்திரை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி இருந்தது, அங்கேதான். அடுத்த பன்னிரண்டு வருடம் நன்றாகப் போனது.

பிறகு சிவம் வேலை செய்த பேக்கரியை மூடிவிட்டார்கள். அவருக்கு ஹைடல்பேர்க் பக்கம் வேலை கிடைத்தது. நான் வரைபடத்தைப் பார்த்தேன். கிட்டவே வால்டோர்ஃப். மென்பொருள் வேலைக்கு இந்தியாவிலிருந்து வருகிற தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வீடு தேடி அலைகிறார்கள், ஒரு தரகரும் பதில் போடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கதைதானே. போவோம் என்றேன்.

வீட்டைக் காலி செய்த வாரத்தில் தொழில் பதிவை நீக்க டோர்ட்முண்ட் கந்தோருக்குப் போனேன். பத்திரத்தையும் சட்டத்திலிருந்து கழற்றி உறையில் போட்டுக்கொண்டு போனேன். அது அவர்கள் தந்த பத்திரம். நான் அவர்கள் இடத்தை விட்டுப் போகிறேன். போகிறவள் திறப்பைக் கொடுத்துவிட்டுத்தானே போக வேண்டும்? யாரிடமும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடம் பிறருக்குத் திறப்பு எண்ணிக் கொடுத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ற திமிர்.

மேசையில் இருந்தவருக்குச் சாப்பாட்டு நேரம். கண் மணிக்கூட்டில் இருந்தது. "திருப்பித் தாறீங்களோ? சரி, தாங்கோ" என்று வாங்கிக்கொண்டார். நான் கைமாற்றுத் தாளை எடுத்து நீட்டினேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் வாசிக்காமலே முத்திரை குத்திக் கையெழுத்து வைத்துத் தந்தார்.

புதிய ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் திருமதி பெக். எழுபத்தெட்டு வயது, தனியாள், மூன்று மாடி வரிசை வீடு, விற்றுவிட்டுத் தங்கையோடு போய் இருக்க விருப்பம். நான் நிலவறையிலிருந்து மேல்மாடிவரை கான்களை மணந்ததைப் பார்த்து வேலையை எனக்கே தந்தார். மற்றவன் கார்த்திக். திருநெல்வேலிப் பிள்ளை, மென்பொருள் வேலை, மனைவிக்கு ஏழாம் மாதம்.

"எட்டு மாசமா அலையறேன் மேடம். ஒரு ஏஜென்ட் கூட ரிப்ளை பண்றதில்ல. இந்த வீடு மட்டும் செட் ஆச்சுன்னா போதும் மேடம்."

"மேடம் இல்லை, அக்கா எண்டு சொல்லும்."

"ஓகே மேடம்."

திருமதி பெக்குக்கு அவனைப் பிடித்துவிட்டது. இனி என் தொழிலை அந்த ஊரில் பதிவதுதான் மிச்சம். மாவட்ட நிர்வாகக் கந்தோரில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துப் போனேன். திருமதி கெல்லர் என்ற இளம் பெண். மேசையில் ஒரு கள்ளிச் செடி, கூரான பென்சில்கள். என் படிவத்தை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"வலு சுகமான அலுவல். புது உரிமம் தேவையில்லை. பத்திரத்தைக் காட்டுங்கோ, கொப்பி எடுத்துப்போட்டுத் தாறன்."

"அதை அங்கை குடுத்திட்டன்."

"என்னத்துக்குக் குடுத்தனீங்கள்?"

"வெளிக்கிடேக்க குடுக்கிறதுதானே?"

அவள் பென்சிலை வைத்தாள். டோர்ட்முண்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். ம், ம் என்று கேட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் பெயருக்கு நேரே கணினியில் 'உரிமத்தைக் கைவிட்டார்' என்று போட்டிருக்கிறார்களாம். கைவிட்டால் கைவிட்டதுதான். இனி முதலிலிருந்து புதிய அன்ட்ராக், விண்ணப்பம் போட வேண்டும். பொலிஸ் சான்று, வரிக் கடிதம், மற்றதெல்லாம். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தரகு வேலை ஒன்றும் செய்யக் கூடாது.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். கைவிட்டவள் ஆர், கைவிட நான் என்ன விசரியோ, சாப்பாட்டு நேரத்தில் முத்திரை குத்துகிறவனைக் கேளுங்கள் என்று ஊரைக் கூட்டினேன். திருமதி கெல்லர் கள்ளிச் செடியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், என் கை பட்டுவிடும் என்று.

"நீங்கள் கத்திறதால ஒண்டும் மாறாது. ஒரு எழுத்து கொண்டு வாங்கோ. எழுத்து இருந்தால் என்னால ஏதும் செய்ய ஏலும்."

வெளியே வந்து நேரே திருமதி பெக்கிடம் போனேன். பொய் சொல்லிச் சமாளிக்க எனக்குத் தெரியாது. "என்னிடம் இப்போது உரிமம் இல்லை. என் பிழை. நீங்கள் வேறு தரகரைப் பிடிக்கலாம்" என்றேன். அவருக்கு வேறொரு தரகர் தினமும் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார், வீட்டை வாங்க வேறு ஆளும் கையில் வைத்திருந்தார்.

"அந்தாள் என்ர கக்கூசுக்குள்ள எட்டியும் பாக்கேல்லை. வாற வெள்ளி வரைக்கும் இருக்கிறன். அதுக்குப் பிறகு ஏலாது, தங்கச்சி பாத்துக்கொண்டிருக்கிறாள்."

கார்த்திக்குக்கும் சொன்னேன். கைபேசியில் நாட்காட்டியைத் திறந்து வாரங்களை எண்ணினான். பிறகு, "பரவால்ல அக்கா" என்றான். அன்றுதான் முதல் முறையாக அக்கா என்றான்.

வீட்டுக்குப் போய்ச் சிவத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"சரோ, மகளையே தாள் எழுதித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினனீ. இதைச் சும்மா குடுத்திட்டே வந்தனீ?"

தாள். கைமாற்றுத் தாள்! கோபத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

"அது எந்தப் பெட்டியில?"

சிவம் தோடம்பழத்தைக் கீழே வைத்தார். பெட்டிகளைக் கட்டியவர் அவர். அறை முழுக்க அறுபது பெட்டிகள் இன்னும் உடைக்காமல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார். சாமான்.

"சாமான் எண்டால் என்ன சாமான் அப்பா?"

"எல்லாம் சாமான்தானே."

சனி முழுவதும் தேடினோம். கம்பளி, குளிர்ச் சப்பாத்து, மகளின் பள்ளிக்கூடக் கொப்பிகள், சாமிப் படம், உடைந்த விளக்கு. நான் ஏசிக்கொண்டே உடைத்தேன். அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு உடைத்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஏச்சு சிரிப்பாகிவிட்டது, அதற்கு மேல் ஏசச் சொல்லும் இல்லை. நாற்பத்தோராவது பெட்டியில் புட்டுப் பானை இருந்தது. மூடியைத் திறந்தேன். என் கந்தோர்த் தாள்கள் வைக்கும் நீலக் கோப்பு சுருண்டு உள்ளே கிடந்தது.

"நனையாத இடம் எண்டு வைச்சனான்" என்றார் சிவம்.

திங்கள் காலை டெர்மின் இல்லாமலே திருமதி கெல்லரின் கதவில் நின்றேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, இந்த முறை வாயைத் திறக்கவில்லை. அவள் பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தாள்.

"பொருள்: தரகு உரிமப் பத்திரம். எண்ணிக்கை: ஒண்டு. நிலை: நல்லம். குறை: இல்லை." நிமிர்ந்து பார்த்தாள். "குறை இல்லையோ?"

"ஒரு கிழிசலும் இல்லை. வடிவா வைச்சிருந்தனான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். பென்சில் நின்றது. "காரணம்: வேறு மாநிலத்துக்கு வீடு மாறிப் போகிறேன். தொழிலை அங்கே தொடர்ந்து செய்வேன்."

அந்த வரியை இரண்டாம் தரமும் வாசித்தாள். கீழே டோர்ட்முண்ட் கந்தோரின் முத்திரை, வட்டமாக, தெளிவாக.

"தொடர்ந்து செய்வன் எண்டு எழுதினவ எப்பிடிக் கைவிட்டவ ஆவா?" என்று தனக்குள்ளே கேட்பது போலச் சொன்னாள். "இதிலை அவையளின்ர முத்திரை வேற இருக்கு."

தொலைபேசியை எடுத்தாள். இந்த முறை ம், ம் இல்லை. சாப்பாட்டு நேரக்காரரை விட்டு அவருடைய மேலதிகாரியைக் கேட்டாள். தாளை வரி வரியாக வாசித்துக் காட்டினாள். என்னைப் போலக் கத்தவே இல்லை, ஆனால் அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கதைக்க இடமே கொடுக்கவில்லை. லோமன் இருந்திருந்தால் அவளை அன்றே வேலைக்கு எடுத்திருப்பார்.

"பதிவைத் திருத்துகினமாம். பத்திரம் பதிவுத் தபாலில வருது."

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. வியாழன் தபால்காரன் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினான், நான் வாசலில் நிற்பதைப் பார்த்துப் பயந்திருப்பான். வெள்ளி பத்து மணிக்கு வந்தது. பச்சை ஓரம், முத்திரை, ஒரு கிழிசலும் இல்லை. கூடவே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் இருந்தது. சிவம் அதைப் பெரிதாக்கிக் கொப்பி எடுத்துக் குசினியில் ஒட்டினார். என்னிடம் ஜேர்மன் கந்தோர் ஒன்று மன்னிப்புக் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

பதினொரு மணிக்குத் திருமதி கெல்லரிடம் காட்டிப் பதிந்தேன். பன்னிரண்டுக்குத் திருமதி பெக்கின் வாசலில் நின்றேன். கார்த்திக்கை அங்கிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டேன். அவனுக்குப் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள், அவனுடைய கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

வீடு கைமாறிய நாள் நான் பத்து நிமிடம் முன்னதாகப் போய்த் தெருவில் நின்றேன். கார்த்திக் என்னோடு நிலவறையிலிருந்து மேலே வரை ஏறி, எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்தான். "நீங்க கானை மோந்து பாக்கறத ஊருக்கு அனுப்பிட்டேன் அக்கா, அம்மா செம ஹேப்பி" என்றான். குசினி மேசையில் திறப்புகளைப் பரப்பினோம். எண்ணினால் ஒன்று குறைந்தது. கடிதப் பெட்டித் திறப்புத்தான். திருமதி பெக் கையைத் தன் கோட்டுப் பைக்குள் விட்டு, கொஞ்சம் தயங்கி, எடுத்து வைத்தார். காரணம் என்ற வரியில், 'படி கூடிப்போச்சு' என்று எழுதினார். தாளைக் கார்த்திக் பக்கம் தள்ளி, "நீரும் எழுத வேணும், ஏன் வாங்கிறீர் எண்டு" என்றார். என் தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. நான் தடுக்கவில்லை. அவன் ஜேர்மனில் எழுத்துக் கூட்டி எழுதினான். 'மகள் வருகிறாள்.'

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் கைமாற்றினேன். சண்டைகளும் நிறைய. அவற்றை எழுதினால் மலர் கொள்ளாது.

இந்த வருடம் முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டன. படி ஏறாத தரகர் தரகர் இல்லை. தொழில் பதிவை நீக்கினேன். அதே நாளில் பத்திரத்தையும் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டு திருமதி கெல்லரிடம் போனேன். அவளுக்கு இப்போது காதோரம் நரை. கள்ளிச் செடி மேசையில் இடம் போதாமல் யன்னலுக்குப் போய்விட்டது.

"இந்த முறை உண்மையாத் தாறன்" என்று பத்திரத்தையும் கைமாற்றுத் தாளையும் வைத்தேன்.

அவள் பென்சிலை எடுத்தாள். பொருள், சரி. எண்ணிக்கை, சரி. நிலை, குறை, சரி. கடைசி வரியில் பென்சில் நின்றது. அங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. காலையிலிருந்து அதோடுதான் இருந்தேன். முழங்கால் என்று எழுதினால் முழங்காலுக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? போதும் என்று எழுதப் பார்த்தேன், கை போகவில்லை.

"காரணம் இல்லாமல் நான் ஒண்டும் வாங்க மாட்டன். உங்களிட்டப் பட்டது போதும்."

"ஒரு காரணமும் வருகுதில்லை."

"அப்ப கொண்டுபோங்கோ. தொழிலை நிப்பாட்டினாலும் பத்திரத்தை வைச்சிருக்கலாம். கிடந்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை."

இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். தாள் குசினி இலாச்சியில் கிடக்கிறது, கடைசி வரி இன்னும் வெறுமையாக. தர்சினி, உன்னுடையதையும் சுவரில் மாட்டி வை. கோட்டுப் போட்டவன் வந்து கேட்டாலும் கொடுக்காதே.